நெசவாளர் தெருவுக்குள் அரசு வரட்டும்

1866 ஆம் ஆண்டில் நகராட்சியாக அமைந்ததும், அறிஞர் அண்ணா தம் இளமையில் சில காலம் எழுத்தராக உத்தியோகம் பார்த்ததுமான காஞ்சிபுரத்து உள்ளாட்சி, 2021 இல் மாநகராட்சி என்னும் அந்தஸ்தை அடைந்தது. அந்தஸ்து உயர்ந்தால் பொறுப்பும் உயரும். பொறுப்பை நிறைவேற்ற இடம் வேண்டும். 51 வார்டுகளைக் கொண்ட இந்நகரத்தில், குழந்தைகளுக்கு அங்கன்வாடியும், முதியோருக்கு ரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுக்கும் நலவாழ்வு மையமும், மாணவருக்கு நூலகக் கிளையும், குடும்பத்துக்கு நியாயவிலைக் கடையும், பிறப்பு இறப்புச் சான்றும் வரி ரசீதும் பெறுவதற்கு ஓர் அலுவலகமும் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும் என்று ஜனங்கள் எதிர்பார்ப்பது பேராசை ஆகாது. ஆனால் இவற்றுள் எதைக் கேட்டாலும், ஊருக்குள் இடம் இல்லை, இருக்கிற இடமும் கட்டுப்படியாகும் விலையில் இல்லை, ஆகையால் ஊருக்கு வெளியே பார்க்கலாம் என்ற விடையே வருகிறது. இந்த விடையில் பாதி உண்மை. மறுபாதியைப் பற்றியே நான் எழுத விரும்புகிறேன்.

உண்மையான பாதியை முதலில் ஒப்புக்கொள்வோம். பெரிய காஞ்சி, சின்ன காஞ்சி என்று வழங்கும் இவ்வூரின் நடுநிலத்தைக் கோயில்களும் குளங்களும் மாட வீதிகளும் தேரோடும் ராஜ வீதிகளும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பங்கிட்டுக்கொண்டுவிட்டன. கைலாசநாதர் கோயில், வைகுண்டப் பெருமாள் கோயில் முதலிய பல்லவர் ஆலயங்கள் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால், 2010 இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி அவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரையில் புதிய கட்டடம் எழுப்ப இயலாது. அதற்கும் அப்பால் 200 மீட்டர் வரையில் அனுமதி பெற்றே எழுப்ப வேண்டும். காந்தி சாலையிலோ, கல்யாணச் சேலை எடுக்க வெளியூரிலிருந்து வருபவர்களை எதிர்பார்த்துப் பட்டுக் கடைகள் வரிசையாக நிற்கின்றன. அங்கே ஒரு கடை கொடுக்கும் வாடகையை எந்த நூலகமும் கொடுக்க இயலாது. நகரத்தின் நடுவே நெருக்கடியில் தவிக்கும் பேருந்து நிலையத்தை வெளியே கொண்டுபோக வேண்டும் என்ற பேச்சு நெடுங்காலமாக நடந்துவருவதற்கும் இதுவே காரணம். ஆகவே, காலியான மனையை விலைக்கு வாங்கி அதில் புதிய கட்டடம் எழுப்புவது ஒன்றே வழி என்று தீர்மானித்துக்கொண்டால், ஊருக்குள் இடம் இல்லை என்பது மறுக்க முடியாத முடிவுதான்.

அந்தத் தீர்மானமே தவறு என்பது என் அபிப்பிராயம்.

புறநகரில் புறம்போக்கு நிலம் இலவசமாகக் கிடைக்கிறது, கட்டடச் செலவு மட்டும்தான் என்று கோப்பில் எழுதும்போது, கணக்கு சிக்கனமாகத் தோன்றும். ஆனால் அந்த அலுவலகத்துக்குப் போய்வருபவரின் செலவு எந்தக் கோப்பிலும் ஏறுவதில்லை. பிள்ளையார்பாளையத்துப் பட்டு நெசவாளருக்கு மாதச் சம்பளம் கிடையாது. சேலைக்கு இவ்வளவு என்றுதான் கூலி. கோர்வைச் சேலையில் உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் இழையோடு இழை கோத்துக்கொள்ள வேண்டியிருப்பதால், மறுபக்கத்துக் கரையின் நாடாவை எறியத் துணையாள் ஒருவரும் தறியில் உட்கார வேண்டும். நெசவாளர் ஒரு சான்றிதழுக்காகக் காலையில் புறப்பட்டு, பேருந்து மாறி, வரிசையில் நின்று, அதிகாரி வெளியே போயிருப்பதறிந்து, மறுநாள் வரச் சொல்லக் கேட்டுத் திரும்பினால், நின்றுபோவது ஒரு மனிதரின் வேலை அன்று, இருவரின் வேலை. இரண்டு மூன்று வாரத்தில் முடிய வேண்டிய சேலை தள்ளிப்போகிறது. சேலை தள்ளிப்போனால் கூலி தள்ளிப்போகிறது. கூலி தள்ளிப்போனால் வட்டிக் கடன் வளர்கிறது. அரசாங்கம் மிச்சப்படுத்திய வாடகையை நெசவாளர் தம் கூலியிலிருந்து கட்டுகிறார். கட்டுப்படியாகும் இடம் எது என்று கேட்பவர்கள், யாருக்குக் கட்டுப்படியாக வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

கைக்குழந்தையோடு தடுப்பூசிக்குப் போகும் தாய்க்கும், முழங்கால் வலியோடு மாத்திரைக்குப் போகும் மூதாட்டிக்கும் தூரம் இன்னும் கொடுமையானது. நெசவாளராவது ஒரு நாளை இழந்து போய்வருவார். அவர்கள் போகாமலே இருந்துவிடுவார்கள்.

எல்லாவற்றையும் ஊருக்குள்ளேயே திணிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அத்தி வரதர் தரிசனத்துக்காக 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்டு 17 வரையில் 48 நாட்களில் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் இங்கே வந்து குவிந்தபோது, வெளியூர்ப் பேருந்துகளைப் புறநகரில் தற்காலிக நிலையங்களில் நிறுத்தியிராவிட்டால் சின்ன காஞ்சியின் தெருக்கள் மூச்சுவிட்டிருக்க மாட்டா. காரைப்பேட்டையில் 1969 இல் தொடங்கிய அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை விஸ்தாரமான வளாகத்தில் அமைந்திருப்பது நோயாளிகளுக்கு நன்மையே. அதற்குப் பல மாவட்டங்களிலிருந்து வருகிறார்கள், உள்ளூர்த் தெருவோடு அதற்குச் சம்பந்தம் குறைவு. வாழ்நாளில் ஒருமுறை போகும் ஸ்தாபனம் தூரத்தில் இருக்கலாம். வாரத்துக்கொரு முறை போக வேண்டிய இடம் தூரத்தில் இருக்கலாகாது. இந்தப் பாகுபாட்டைச் செய்யாமல், பேருந்து நிலையத்துக்குச் சொல்லும் நியாயத்தை அங்கன்வாடிக்கும் சொல்வதுதான் பிழை.

ஊருக்குள் இருக்கும் கட்டடத்திலேயே பொதுக் காரியத்தை நடத்துவது காஞ்சி மண்டலத்துக்குப் புதிய யோசனை அன்று. வாலாஜாபாத்துக்கு அருகே பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடலில், வேங்கடேசப் பெருமாள் கோயிலில், வீரராஜேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று உண்டு. 11 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தச் சாசனம், கோயிலைச் சார்ந்த ஜனநாத மண்டபத்தில் வேதமும் வியாகரணமும் கற்பிக்கும் பள்ளி ஒன்றும், மாணவர் உண்டு உறைவதற்கான விடுதியும், வீரசோழன் என்னும் பெயருடைய ஆதுலர் சாலையும் நடந்ததைச் சொல்கிறது. ஆதுலர் சாலையில் 15 நோயாளிகளுக்குப் படுக்கை, வைத்தியர் ஒருவர், சல்லியக் கிரியை செய்பவர் ஒருவர், மூலிகையும் விறகும் கொணர்ந்து மருந்து காய்ச்ச இருவர், நோயாளிகளைப் பேணப் பெண்டிர் இருவர், நாவிதர் ஒருவர், தண்ணீர் கொண்டுவர ஒருவர். இவர்களுக்கு அளக்க வேண்டிய நெல்லும் கொடுக்க வேண்டிய காசும், ஆண்டுதோறும் இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும், வில்வாதி கிருதம், கல்யாண லவணம், தசமூல ஹரீதகி என்று வரிசையாகக் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. அந்தச் சாசனத்தைப் படிக்கும்போதெல்லாம் என் மனத்தைத் தொடுவது ஒன்று: கட்டடத்தைப் பற்றி அது பெருமை பேசவில்லை, தண்ணீர் எடுப்பவருக்கு ஆண்டுதோறும் போக வேண்டிய நெல்லைப் பற்றியே கவலைப்படுகிறது. நம் காலத்திலோ, அடிக்கல்லுக்கும் திறப்பு விழாக் கல்வெட்டுக்கும் குறைவில்லாத சுகாதார நிலையங்களில் செவிலியர் பணியிடம் காலியாகக் கிடப்பதை எத்தனை ஊர்களில் காண்கிறோம்!

உத்திரமேரூரும் இங்கிருந்து தொலைவில் இல்லை. 919, 921 ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த பராந்தக சோழனின் சாசனங்கள், ஏரி வாரியத்துக்கும் தோட்ட வாரியத்துக்கும் குடவோலையால் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளை மண்டபச் சுவரிலேயே எழுதி வைத்தன. ஊரார் கூடும் இடமும் ஊராட்சி நடக்கும் இடமும் சட்டம் எழுதியிருக்கும் இடமும் ஒன்றாகவே இருந்தன.

அவ்வளவு பழங்காலத்துக்குப் போக விரும்பாதவர்களுக்குச் சமீப காலத்திலும் உதாரணம் உண்டு. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1802 இல் ஒரத்தநாட்டில் நிறுவிய முத்தாம்பாள் சத்திரம், யாத்திரிகர் வருகை குறைந்த பின்னர் பாழாகிவிடாமல், பள்ளிக்கும் மாணவர் விடுதிக்கும் பயன்பட்டது. 1794 இல் காலமான பச்சையப்ப முதலியார், காசி முதல் குமரி வரையில் ஆலயங்களிலே தர்மம் நடக்க வேண்டும் என்று எழுதி வைத்த சொத்து நெடுநாள் வழக்கில் சிக்கிக் கிடந்தது; சென்னை உச்ச நீதிமன்றத்தில் அரசு வழக்கறிஞராயிருந்த ஜார்ஜ் நார்ட்டனின் முயற்சியோடு அது மீண்டு, ஆலய தர்மங்களுக்கு வேண்டியதை ஒதுக்கிய பிறகு மிகுந்த தொகை கல்விக்கு என்று ஏற்பாடாகி, 1842 இல் சென்னையில் பள்ளி தோன்றியது. காஞ்சியிலேயே 1947 முதல் பச்சையப்பன் பெயரால் கல்லூரி நடக்கிறது. மூல நோக்கத்தைக் கெடுக்காமல், ஒரு தர்மத்தின் மிகுதியை இன்னொரு தர்மத்துக்குத் துணையாக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

இன்றைக்கு இவ்வூரில் ஓய்ந்து கிடக்கும் கட்டடங்கள் மூன்று வகை. முதலாவது, நெசவாளர் வீடுகள். நெசவாளரின் மக்கள் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிகளின் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகத் தொடங்கிய பின்னர், பல வீடுகளில் தறி இறங்கிவிட்டது. பாவை முழு நீளத்துக்கு நீட்டிக் கட்டத் தக்கதாக அமைந்த அந்த வீடுகள் குறுகலாயினும் உள்ளே மிக நீளமானவை. முன்னே திண்ணை, நடுவே வெளிச்சம் விழும் முற்றம், அதையடுத்துத் தறிக்கூடம். ஒரு நூலகக் கிளைக்கோ, முப்பது குழந்தைகள் உட்காரும் அங்கன்வாடிக்கோ இதைவிட வேறென்ன வேண்டும்? காத்திருப்பவருக்குத் திண்ணை இருக்கிறது. எழுதுகிறவருக்கு வெளிச்சம் இருக்கிறது. திண்ணை உயரமாதலால் சக்கர நாற்காலி ஏறுவதற்குச் சாய்தளமும், பின்கட்டில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறையும் அமைத்துக் கொடுப்பது மாநகராட்சியின் கடமை. தறிக்குழியை மூடும்போது சிமெண்டால் நிரப்பிவிடாமல் பலகையிட்டு மூட வேண்டும். அந்த வீட்டுப் பிள்ளை ஒருநாள் மீண்டும் தறி பூட்ட விரும்பினால் குழி அங்கே இருக்க வேண்டும். இந்த ஏற்பாடு நெசவை இன்னும் வேகமாக அழித்துவிடும் என்று சில நண்பர்கள் அஞ்சுகிறார்கள். ஓடுகின்ற தறியை நிறுத்தி இடம் கேட்பதாயிருந்தால் நானும் அவர்களோடு சேர்ந்து எதிர்ப்பேன். நான் கேட்பது பூட்டிக் கிடக்கும் வீட்டை. அதற்கு மாதந்தோறும் வரும் வாடகை, அந்தக் குடும்பம் வீட்டை விற்றுவிட்டுப் போகாமல் தெருவிலேயே தங்குவதற்கு உதவியாக இருக்கும்.

இரண்டாவது, பட்டுக் கூட்டுறவுச் சங்கங்களின் கூடங்களும் கிடங்குகளும், பல சமூகத்தார் முன்னோர் காலத்தில் கட்டி வைத்த சத்திரங்களும். இவற்றில் ஓய்ந்திருப்பவை எவை என்று கணக்கெடுத்தாலே போதும். சங்கத்தின் நிர்வாகிகளும் சத்திரத்தின் தர்மகர்த்தாக்களும் வாடகை வருமென்றால் முகம் சுளிக்க மாட்டார்கள்.

மூன்றாவது கோயில்களுக்குச் சொந்தமான வீடுகளும் மனைகளும். இங்கேதான் மிகுந்த ஜாக்கிரதை வேண்டும். கோயில் சொத்து அரசாங்கத்தின் சொத்து அன்று. அது மூர்த்தியின் சொத்து, பக்தர்கள் கொடுத்த சொத்து. 2019 இல் புதிதாக உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு ஆட்சியர் அலுவலகம் கட்ட, வீரசோழபுரத்து அர்த்தநாரீஸ்வரர் கோயில் நிலத்தை எடுக்க முற்பட்டபோது, விஷயம் உயர் நீதிமன்றம் வரையில் போயிற்று. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஆலயச் சொத்துக்களைப் பற்றிப் பிறப்பித்த விரிவான உத்தரவில், பொதுப் பயன் என்னும் காரணத்தைக் காட்டிக் கோயில் நிலத்தை எடுப்பதை ஆட்சேபித்தது. அந்த ஆட்சேபம் நியாயமானது என்றே நான் கருதுகிறேன். கோயில் நிலத்தை ஏறக்குறைய இலவசமாக எடுத்துக்கொள்வது, மலிவான இடம் தேடுவதாகாது. ஒரு தர்மத்தின் பையிலிருந்து எடுத்து இன்னொன்றின் பையில் போடுவதாகும். ஆனால் எடுத்துக்கொள்வது வேறு, வாடகைக்கு இருப்பது வேறு. அறநிலையச் சட்டத்தின் 34 ஆம் பிரிவு, ஐந்தாண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு ஆணையரின் அனுமதி வேண்டும் என்றும், அது கோயிலுக்கு அவசியமாகவோ நன்மையாகவோ இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. 34-அ பிரிவு நியாய வாடகையை நிர்ணயிக்க வழி செய்கிறது. அந்த நியாய வாடகையைக் குறைக்கச் சொல்லாமல் முழுவதும் கொடுத்து, வழிபாட்டுக்கும் உற்சவத்துக்கும் இடைஞ்சல் இல்லாத தெருவோரக் கட்டடத்தில் ஒரு நலவாழ்வு மையம் நடக்குமானால், கோயிலுக்கு வருமானம், கட்டடத்துக்குப் பராமரிப்பு, தெருவுக்கு மருந்து. கோயில் வீடுகளில் சொற்ப வாடகையைக்கூடப் பாக்கி வைத்துக்கொண்டு தலைமுறைகளாக உட்கார்ந்திருப்பவர்களுக்கு அரசாங்கமே நல்ல குடியிருப்பாளருக்கு முன்மாதிரியாக இருந்து காட்டலாமே.

இதற்குத் தடை சட்டத்தில் இல்லை. அரசாங்கத்தின் வாடகைப் பழக்கத்தில் இருக்கிறது. அரசு அலுவலகத்துக்குத் தனியார் கட்டடம் எடுக்கும்போது பொதுப்பணித் துறை நிர்ணயிக்கும் வாடகை, பல சமயங்களில் சந்தை வாடகைக்கு எட்டுவதில்லை. எட்டினாலும் மாதா மாதம் வந்து சேர்வதில்லை. ஒப்பந்த காலம் முடிந்தாலும் அலுவலகம் காலி செய்வதில்லை. அரசாங்கத்துக்கு வீட்டைக் கொடுத்தால் திரும்பி வராது என்ற பயம் வீட்டுக்காரர் மனத்தில் ஆழமாக ஊன்றியிருக்கிறது. அந்தப் பயத்தை நீக்காமல் எந்தத் திட்டமும் நடக்காது. பத்திரப் பதிவோடு கூடிய குத்தகை, குறிப்பிட்ட கால இடைவெளியில் வாடகை உயர்வு, மாதத்தின் முதல் வாரத்தில் கருவூலத்திலிருந்து நேரே உரிமையாளரின் கணக்குக்குப் பணம், காலம் முடிந்ததும் புதுப்பிக்க விருப்பமில்லையேல் சாவியைத் திருப்பிக் கொடுத்தல், இவ்வளவையும் எழுத்தில் உறுதியளித்தால் பிள்ளையார்பாளையத்தில் பூட்டிய கதவுகள் தாமே திறக்கும். தொல்லியல் சட்டத்தின் எல்லைக்குள் அமைந்த தெருக்களிலும் இந்த வழியே பொருந்தும். புதிய கட்டடம் எழுப்பத்தான் அங்கே தடை. இருக்கும் வீட்டை அனுமதி பெற்றுப் பழுது பார்க்கத் தடையில்லை.

பணம் எங்கிருந்து என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நூலகத்தை எடுத்துக்கொள்வோம். 1948 இல் சென்னை மாகாணத்தில் இயற்றிய பொது நூலகச் சட்டத்தின்படி, சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் நாம் கட்டுகிறோம். இப்போது அது சொத்து வரியில் பத்தில் ஒரு பங்கு. அமெரிக்கச் செல்வந்தர் ஆண்ட்ரூ கார்னகி ஆயிரக்கணக்கான நூலகக் கட்டடங்களுக்குக் கொடை அளித்தபோதும், மனையை ஊராரே கொடுக்க வேண்டும், கட்டடச் செலவில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் பராமரிப்புக்கு ஊராரே ஒதுக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தார். திருமுக்கூடலில் கல்வெட்டு எழுதியவர்களுக்குத் தெரிந்ததே அவருக்கும் தெரிந்திருந்தது. நம்மிடம் ஆண்டுதோறும் வரும் வரி ஏற்கெனவே இருக்கிறது. அதைக் கொண்டு வாடகை கொடுப்பது எளிது, மனை வாங்குவது கடினம். இருந்தும் நாம் மனைக்காகக் காத்திருக்கிறோம், அதுவரையில் தெருவில் நூலகம் இல்லை. கட்டடமே இல்லாமலும் நம்மவர்கள் தொண்டு செய்திருக்கிறார்கள்: 1931 இல் மன்னார்குடிக்கு அருகே மேலவாசலிலிருந்து புறப்பட்ட மாட்டுவண்டி நூலகம், புத்தகங்களை ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகச் சென்றது, இந்திய நூலகவியலின் தந்தையாகிய எஸ். ஆர். ரங்கநாதன் காலத்து முயற்சி அது. அந்த நாளில் வண்டியே போதுமென்று புறப்பட்டவர்கள் இருந்தார்கள். இந்த நாளில் திண்ணையோடு கூடிய வீடு போதாது என்போமா?

எல்லாத் தெருவிலும் ஒரே சமயத்தில் இதைச் செய்ய இயலாது, செய்யவும் வேண்டாம். மாமன்றம் முதலில் ஒரு பட்டியல் எடுக்கட்டும். ஒவ்வொரு வார்டிலும் பூட்டிக் கிடக்கும் வீடு, சத்திரம், சங்கக் கூடம், கோயில் கட்டடம் எவை, உரிமையாளர் வாடகைக்கு விடச் சம்மதிப்பாரா, பழுது பார்க்க எவ்வளவு ஆகும், அந்த வார்டில் இப்போது இல்லாத சேவை எது, அதற்காக மக்கள் எவ்வளவு தூரம் போகிறார்கள் என்று எழுதி, அடுத்த வரவு செலவுத் திட்டத்தோடு சேர்த்து அச்சிட்டு வெளியிடட்டும். ஊருக்கு வெளியே ஒரு புதிய அலுவலகத்துக்கு நிதி கேட்கும் தீர்மானம் வரும்போது, அந்தந்த வார்டு உறுப்பினர் இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் இடங்களில் எதையெல்லாம் பார்த்தீர்கள், ஏன் வேண்டாம் என்றீர்கள் என்று கேட்கட்டும்; விடை கூட்டக் குறிப்பில் பதிவாகட்டும். தொடக்கத்துக்குப் பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீடு, சின்ன காஞ்சியில் ஒரு சத்திரம், இரண்டிலும் ஒரு நலவாழ்வு மையமும் ஒரு நூலகக் கிளையும் மூன்று ஆண்டுகளுக்கு நடந்தால், வாடகைக்கு ஆன செலவையும் வந்துபோனவர்களின் எண்ணிக்கையையும் புறநகர்க் கட்டடத்தின் கணக்கோடு வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு மாமன்றத்தாரிடம் போதிய ஆதாரம் இருக்கும்.